குறைகளை மட்டும் எழுது

ஜூன் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே அத்தை, மாமா, நான் மூவரும் சுகம். உங்கள் இருமல் நின்றுவிட்டதா? மருந்து தீர்ந்த பிறகும் இருமல் இருந்தால் மறைக்காமல் எழுதவும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி விஷயத்தில் நான் பார்ப்பது, கேட்பது எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன். ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

உங்கள் கடிதத்தை மாமா சத்தமாகப் படித்தார். பிறகு நான் தனியாகப் படித்தேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். நம் வீட்டுப் பக்கம் பஸ் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போகவும் நீங்கள் இங்கே ஒரு வேலைக்குப் போகவும் மோட்டார் சைக்கிள் வேண்டும். அது இருந்தால்தான் நாம் இருவரும் நம் வீட்டில் இருக்க முடியும். பழைய வண்டி போதும் என்றால் ஒப்பந்தம் முடிகிற நவம்பரிலேயே வந்துவிடுவீர்கள். புதியதுதான் வேண்டும் என்றால் இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் அங்கே இருப்பதால், பார்த்துச் சொல்வது என் வேலை.

சனிக்கிழமை மாமாவுக்கு எடைமேடையில் அரை நாள்தான். லாரிகளை அனுப்பிவிட்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒருவர் பழைய வண்டி விற்கிறார். எல்லா வண்டிகளும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல் வரிசையில் நின்றன.

"வாங்க சார், வாங்க பாப்பா. எதை வேணும்னாலும் ஓட்டிப் பாருங்க" என்றார்.

"எனக்கு மிதிக்கிற சைக்கிளே தகராறுங்க. இந்தப் பொண்ணுதான் இன்ஸ்பெக்டர்" என்றார் மாமா.

"பாப்பாவா? பார்க்கட்டும், பார்க்கட்டும். கலர் பிடிச்சிருக்கான்னு பார்க்கட்டும்."

நான் ஒரு கறுப்பு வண்டியைக் காட்டி, இதற்கு முன்பு யார் ஓட்டினார்கள் என்று கேட்டேன். "ஒரு பெரியவரும்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பார்." பக்கத்தில் இருந்த சிவப்பு வண்டி? அதுவும் ஒரு பெரியவர். நீல வண்டி? கேட்பதற்குள் மாமா சொன்னார்: "அந்தப் பெரியவருக்கு ஞாயித்துக்கிழமை வேற வேலையே இல்ல போலிருக்கு."

கறுப்பு வண்டியின் சங்கிலி தொங்குகிறது. பின் டயரில் கோடுகள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. கிலோமீட்டர் முள் இருக்கும் கண்ணாடியை யாரோ கழற்றி மாட்டிய தடம் தெரிகிறது. இதற்கு மேல் எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நூலகத்தில் வண்டியைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் பாதிப் பக்கங்களை யாரோ கிழித்துவிட்டார்கள்.

நான் இப்போது தையல் அறையில் படுத்துக்கொள்கிறேன். பள்ளிச் சீருடைகள் தைக்கும் காலம் என்பதால் துணிமூட்டைகள் அதிகம். மிஷின் சத்தத்தில் நன்றாகத் தூக்கம் வருகிறது. ஆகவே அது ஒரு குறையல்ல.

உங்கள் மகள்


ஜூன் 27

என் பூதக்கண்ணாடிக்கு,

அப்பா நலம். இருமல் போன இடம் தெரியவில்லை. அத்தைக்கும் மாமாவுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

உன் கடிதத்தை விடுதி அறையில் என் மேல்கட்டில்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் என் கட்டில் ஆடியது. "உன் மக கண்ணுல எதுவும் தப்பாது போலிருக்கே, உன் இடத்துல அவளை உட்கார வெச்சிடலாம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன். எஞ்சினைத் தொட்டுப் பார். நீ போவதற்கு முன்பே சூடாக இருந்தால், காலையில் கிளம்ப மறுத்திருக்கிறது என்று அர்த்தம். வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார். ரப்பரிலும் திருகாணியிலும் பெயின்ட் பட்டிருந்தால் எதையோ மூடியிருக்கிறார்கள்.

இன்னொன்று. எங்கள் தொழிற்சாலையில் எப்படி என்று உனக்குத் தெரியும். வெள்ளை விளக்குத் திரைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓடும். குமிழி, கீறல், கழுத்துச் சாய்வு எது இருந்தாலும் எடுத்துத் தள்ளிவிட்டு, தாளில் அந்தக் குறையை எழுதுவோம். நல்ல பாட்டிலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதற்குத் தாளில் இடமே இல்லை. நீயும் அப்படியே செய். குறைகளை மட்டும் எழுது. மற்றதெல்லாம் மனதை மயக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வரிசையில் நின்று என் முறை வரும்போது, என்ன பேச நினைத்தேன் என்பதே மறந்துபோகிறது. பின்னால் நிற்பவர்கள் கனைக்கிறார்கள். நமக்குக் கடிதம்தான் சரி.

கொட்டகைக்காரர் வேண்டாம். வேறு பார்.

அப்பா


ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். அத்தைக்கு மட்டும் கழுத்துவலி, குனிந்து தைப்பதால். எனக்கு ஒன்றுமில்லை.

இந்தத் தடவை மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனோம். அவருக்கு வெள்ளைச்சட்டை என்று பெயர். தினமும் வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டுதான் பட்டறைக்கு வருவாராம். அது வெள்ளை என்பதை அவர் சொன்னால்தான் தெரியும். ஜெராக்ஸ் கடைக்காரர் தன் வண்டியை விற்கிறார். பச்சை நிறம், கண் கூசுகிறது.

"காலையிலேருந்து எடுக்கவே இல்லம்மா" என்றார் கடைக்காரர். நான் எஞ்சினைத் தொட்டேன். சுட்டது.

"சுடுதே" என்றேன்.

"வெயில்ல நின்னுச்சு இல்ல, அதான்."

வண்டி நின்றது மாடிப்படிக்கு அடியில். வெள்ளைச்சட்டை அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பிறகு பின்னால் போய் நின்று பார்த்தேன். முன்சக்கரம் இடது பக்கம் போகிறது, பின்சக்கரம் நேராக இருக்கிறது. பிரேக் கம்பியின் ரப்பர் உறையில் பச்சைப் பெயின்ட் இருந்தது. அண்ணன் சொன்னார்: "எங்கேயோ பலமா கும்பிடு போட்டிருக்கு. எடுத்தீங்கன்னா அப்புறம் நீங்கதான் கும்பிடணும்."

குறைகள் இவ்வளவுதான், ஆனால் இவை போதும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். திரும்பும் வழியில் நானும் மாமாவும் நம் வீட்டுக்குப் போனோம். நீங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகு இதுதான் முதல் தடவை. பூட்டு கொஞ்சம் அடம்பிடித்துத் திறந்தது. பின்கதவுக்கு அடியில் மழைத்தண்ணீர் வந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த செய்தித்தாள்கள் ஊதி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தோம். சமையலறை ஜன்னலை மட்டும் திறக்கவில்லை. கொக்கி உடைந்தபோது அம்மா அதை ஒரு நாடாவால் கட்டினாரே, அந்த முடிச்சை எங்களால் அவிழ்க்க முடியவில்லை. மாமா பாக்கெட்டிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். மாமா கத்தியை மடக்கி வைத்துக்கொண்டார்.

கூரையில் ஓடு ஒன்று நகர்ந்திருக்கிறது. மற்றபடி வீடு இருக்கக்கூடிய வீடுதான்.

உங்கள் பூதக்கண்ணாடி


ஆகஸ்ட் 6

மகளுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

பச்சை வண்டியைச் சரியாகப் பிடித்தாய். வேறு பார்க்கவும். செப்டம்பர் கடைசிக்குள் நான் இங்கே ஒப்பந்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஓடு பற்றி மாமாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

பாட்டில் ஓடும் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். மேல்கட்டில்காரர் விடுப்பில் ஊருக்குப் போயிருக்கிறார். அவருடைய குறட்டை இல்லாமல் தூக்கம் வர மறுக்கிறது என்றால் நீ சிரிப்பாய். பரீட்சைக்கு நன்றாகப் படி.

அப்பா


ஆகஸ்ட் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். குறட்டையைப் படித்து மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீங்கள் தூங்கவும்.

இரண்டு வண்டிகளைப் பற்றி எழுத வேண்டும்.

முதலாவது புதிய வண்டி. கடை முழுக்கக் கண்ணாடி. உள்ளே போகும்போது மாமா செருப்பை வெளியே கழற்றிவிட்டார், யாரும் கழற்றச் சொல்லவில்லை. அங்கே விற்பனை வேலை பார்க்கும் அக்கா, "சீட்ல உட்கார்ந்து பாருங்க, ஆனா பிளாஸ்டிக் கவர் கிழியாம உட்காருங்க" என்றார். அப்படி எப்படி உட்காருவது என்று கேட்டதற்கு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வண்டியில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. என் தாள் காலியாக இருக்கிறது.

இரண்டாவது ஒரு நர்ஸ் அக்காவுடைய வண்டி. அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. அங்கே ஆஸ்பத்திரிக்குள்ளேயே அறை தருகிறார்களாம், வண்டி தேவைப்படாது. வெள்ளைச்சட்டை அண்ணன் அதை ஒருமுறை சுற்றிவந்தார். குந்தி உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"என்ன டாக்டரே, உயிர் இருக்கா?" என்று நர்ஸ் அக்கா கேட்டார்.

"நீங்க நர்ஸு. நீங்கதான் சொல்லணும்."

"நான் சொன்னா விற்கிறதுக்காகச் சொல்றேன்னு நினைப்பீங்க. இந்தப் பொண்ணு ஏறட்டும்" என்று என்னைப் பின்னால் உட்கார வைத்து ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர்த்தொட்டி வரை போய், நம் வீட்டு ரோட்டில் ஏறி, வீட்டு வாசலில் திருப்பினோம்.

குறைகள்: இடது பக்கக் கண்ணாடி இல்லை. சீட்டில் ஒரு கிழிசல், ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. ஹாரன் தொண்டை கட்டினாற்போல் ஒலிக்கிறது. பக்க ஸ்டாண்டு தளர்ந்திருக்கிறது, சாய்த்து நிறுத்தினால் ஒரு கல் வைக்க வேண்டும். பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கிறது. டாங்கியில் நெளிவு. பின்விளக்கின் மூடி வேறு வண்டியுடையது.

வேறு விஷயங்களும் இருக்கின்றன. அவை குறைகள் அல்ல என்பதால் இந்தத் தாளில் வராது.

செப்டம்பர் பாதி வரை நமக்காக வைத்திருப்பதாக அக்கா சொன்னார்.

உங்கள் பூதக்கண்ணாடி


செப்டம்பர் 12

என் பூதக்கண்ணாடிக்கு,

அப்பா நலம். அத்தையின் கழுத்துக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும்.

உன் கடிதத்தை ஒருநாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நர்ஸின் வண்டியில் நீ எழுதிய குறைகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கவில்லை. எங்கள் திரைக்கு முன்னால் அப்படி ஒன்று வந்தால், யோசிக்காமல் தள்ளிவிடுவோம். உன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டிய வண்டி. பாதி வழியில் நின்றால் யாரைக் கேட்பது?

புதிய வண்டிக்கு உன் தாள் காலி. ஆகவே புதியதே வாங்கலாம். இன்னும் ஒரு வருடம்தான். மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுவேன்.

நீ இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியிருக்காவிட்டால் நான் ஏதாவது ஒரு பழைய வண்டிக்குச் சரி என்று சொல்லியிருப்பேன். உன்னால்தான் சரியான முடிவு எடுக்க முடிந்தது. நன்றி அம்மா.

அப்பா


செப்டம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. சாப்பிடுவதற்கு முன்பே எழுதுகிறேன். நேராகத் தபால் நிலையத்துக்குப் போய் அவசரத் தபாலில் போட மாமா செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஆகவே எல்லோரும் சுகம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா, குறைகளை மட்டும் எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். ஆனால் பாட்டில் வேறு, வண்டி வேறு. பாட்டிலில் குமிழி இருந்தால் அது உடையும். சீட்டில் பிளாஸ்திரி இருப்பதால் வண்டி உடையாது. தாளில் வராது என்று விட்டதையெல்லாம் இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் போன அன்று காலை முழுவதும் மழை. வண்டி நனைந்துகொண்டு வெளியே நின்றது. எஞ்சின் ஐஸ் போல இருந்தது. முதல் உதையிலேயே கிளம்பியது. நர்ஸ் அக்கா இரவு டியூட்டிக்கும் அதில்தான் போய்வந்தார், ஒருநாளும் வழியில் நின்றதில்லையாம். "என் வீட்டுக்காரர்கூட வழியில நின்னிருக்கார், இது நின்னதில்ல" என்றார். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றன. நம் வீட்டு ஏற்றத்தில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு திணறாமல் ஏறியது. வெள்ளைச்சட்டை அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "இதை எனக்கே வாங்கணும்னு இருக்கு, ஆனா உங்க அப்பா வரணுமே, விட்டுத்தர்றேன்." கண்ணாடியும் ஸ்டாண்டும் ஹாரனும் அரை நாள் வேலைதானாம். அதற்குக் கூலி வேண்டாம் என்றார்.

முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் காற்று படாது. நம் வீட்டு வாசலில் திருப்பும்போது அக்கா வேகத்தைக் குறைத்து, "உங்க வீடா? நல்லாயிருக்கே" என்றார். ஆமாம் என்றேன்.

இது நல்ல வண்டி. முதலிலேயே எனக்குத் தெரியும். வண்டி நல்லது என்பதால்தான் எழுதுகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்பு இது உங்களுக்குக் கிடைக்க வேண்டும். அவசரத் தபால் ஐந்தாறு நாட்களில் போய்விடும் என்று மாமா சொல்கிறார்.

உங்கள் பூதக்கண்ணாடி


அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? பதில் வரவில்லை.

சொன்ன தேதியைத் தாண்டியும் நர்ஸ் அக்கா எங்களுக்காக வைத்திருந்தார். நேற்று அவர் கிளம்பிவிட்டார். வண்டியை ரொட்டிக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம். போகும்போது தையல் அறைக்கே வந்து என்னிடம் சொன்னார். "மன்னிச்சுக்கோ கண்ணு, எனக்கு இனிமே நாள் இல்ல." பரவாயில்லை என்றேன். அவர் போன பிறகு அத்தை, "என்ன, முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார். ஊசி குத்திவிட்டது என்றேன். இதை மட்டும் நான் உண்மையாகச் சொல்லவில்லை.

காலாண்டுப் பரீட்சை முடிந்தது. கணக்கு சுமார். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பூதக்கண்ணாடி


அக்டோபர் 30

என் மகளுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. இந்தத் தாமதத்துக்குத் தபால் காரணமல்ல.

உன் அவசரத் தபால் வருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். எழுதியும் விட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அது பொய். உன் கடிதம் இங்கே வந்தபோது இன்னும் மூன்று நாள் இருந்தது. படித்தேன். மேல்கட்டில்காரரிடம் காட்டவில்லை. திரும்பவும் படித்தேன். அதன் பிறகுதான் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

நீ உண்மையைத் தவிர வேறெதையும் எழுதியதில்லை. ஆகவே நானும் எழுதுகிறேன்.

வண்டி நல்ல வண்டி என்று உன் ஆகஸ்ட் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ அதில் ஏறி நம் வீடு வரை போய்வந்தாய் என்று படித்தபோதே தெரிந்தது. ஆனால் குறைகளை எண்ணினேன். எண்ணுவது எனக்கு வசதியாக இருந்தது. ஒரு பாட்டிலைத் தள்ளிவிடுவது சுலபம், அதைப் பற்றி யாரும் அப்புறம் கேட்க மாட்டார்கள். சரி என்று விட்ட பாட்டில்தான் யாருடைய கையிலாவது உடைந்தால் நம் பெயரைத் தேடி வரும். எத்தனையோ வருடமாக இதைச் செய்து செய்து, எதற்கும் சரி என்று சொல்ல வராமல் போய்விட்டது.

உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. உன்னால்தான் முடிவு எடுத்தேன் என்று எழுதினேனே, அதை மறந்துவிடு. அந்த ஒரு வரிக்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

சமையலறை ஜன்னல் முடிச்சை வெட்ட வேண்டாம் என்று நீ சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று என் கண்ணுக்குக் குமிழியும் தெரியவில்லை, கீறலும் தெரியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். அம்மா இல்லாத அந்த வீட்டுக்குள் நடக்க உனக்குத் தைரியம் இருக்கிறது. எனக்கு இன்னும் வரவில்லை அம்மா. ஒரு வருடத்தில் வருமா என்று கேட்டால் அதுவும் தெரியாது.

புதிய வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். நவம்பரில் கொண்டுவந்து விடுவார்கள். வண்டி வந்து நின்றால் நானே பாதி வந்துவிட்ட மாதிரி உனக்கு இருக்கும் என்று நினைத்தேன். எழுதும்போதே இது எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிகிறது. இருந்தாலும் வரட்டும். வந்ததும் நன்றாகப் பார்த்து எழுது.

அப்பா


நவம்பர் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

வண்டி வந்துவிட்டது. ஒரு சின்ன லாரியில் கொண்டுவந்து பலகை போட்டு இறக்கினார்கள். தெருவே வந்து பார்த்தது. "யாரு ஓட்டப் போறாங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாமா, "எடை போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று பதில் சொன்னார். வெளியே வைத்தால் மழை, வாசலில் வைத்தால் நடக்க வழியில்லை. ஆகவே தையல் அறையில் துணிமூட்டைகளை ஒதுக்கி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அறை முழுக்கப் புது ரப்பர் வாசனை. பேட்டரி இறங்காமல் இருக்க வாரம் ஒருமுறை கிளப்ப வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச்சட்டை அண்ணன் வந்து, வெளியே தள்ளிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் திரும்பவும் உள்ளே நிறுத்திவிட்டுப் போனார். தள்ளும்போது, "ரொம்ப நல்ல வண்டி" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

நீங்கள் சொன்னபடி பார்த்தேன். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றன. ரப்பரில் பெயின்ட் இல்லை. எங்கே தொட்டாலும் குளிர்ச்சியாக இருக்கிறது. குறை இல்லை. ஆகவே வண்டியைப் பற்றி எழுத இனி ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை நான் மட்டும்தான் படித்தேன். மாமா கேட்டார். இருமல் நின்றுவிட்டதாம் என்று சொன்னேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது அப்பா. கிழித்த தாளைப் பற்றி நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் கோபப்படத் தெரியாமல் இருந்திருப்பேன். தபால் தாமதம் என்று நம்பியிருப்பேன். ஆனாலும் எழுதியதே நல்லது. கோபமாக இருக்கும்போது நீங்கள் கொஞ்சம் பக்கத்தில் இருப்பது போல் இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

வண்டிகளின் குறைகளையெல்லாம் எழுதிவிட்டு, என் தாளை மட்டும் ஒவ்வொரு தடவையும் காலியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அது கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். குறைத்துத்தான் இருக்கிறேன்.

மிஷின் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை. அத்தை தைத்து முடித்துச் சத்தம் நின்றதும்தான் இன்னும் மோசம். பள்ளி விட்டதும் நான் நேராக இங்கே வருவதில்லை. நூலகம் மூடும் வரை உட்கார்ந்திருக்கிறேன். படிப்பதற்காக என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே எல்லோரும் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் நான் தனியாக இருப்பது யாருக்கும் தெரியாது. மதிப்பெண் அட்டையில் மாமா கையெழுத்துப் போடுகிறார். லாரி ரசீதில் போடுவது போலவே போட்டுவிட்டு, "எடை சரி" என்பார். நான் சிரிப்பேன். அத்தை, மாமா இருவரும் நல்லவர்கள். அதனால்தான் சொல்ல முடியவில்லை. ஒருநாள் துணி வாங்க வந்தவரிடம் அத்தை, "அவ எங்களைத் தொந்தரவே பண்ண மாட்டா, எதுவுமே கேக்க மாட்டா, அவ்வளவு நல்ல பொண்ணு" என்று சொன்னது காதில் விழுந்தது. அதிலிருந்து எனக்கு எதையும் கேட்க வாய் வரவில்லை. சாப்பாட்டில் உப்புகூடக் கேட்பதில்லை.

நம் வீட்டில் நடக்க எனக்குத் தைரியம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. மாமா கூடவே இருந்தார். நகர்ந்திருந்த ஓட்டைப் பார்க்க அவர் ஏணியில் ஏறியபோது நான் சமையலறையிலிருந்து வெளியே ஓடிவந்துவிட்டேன். அந்த வீட்டுக்குள் தனியாக நடக்க நம் இருவராலும் முடியாது. ஒருவேளை இரண்டு பேராகப் போனால் முடியுமோ என்னவோ. முடியும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததை எழுத மாட்டேன்.

வண்டிமேல் ஏறி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டாங்கிமேல் அட்டையை வைத்தால் எழுத வசதியாக இருக்கிறது. பிளாஸ்டிக் கவரைக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள். அங்கே உங்களுக்கு என்னென்ன குறை, ஒன்றுவிடாமல் எழுதுங்கள். என் தாளை அனுப்பிவிட்டேன், நீங்கள் உங்களுடையதை அனுப்புங்கள். நான் எண்ணிப் பார்க்க மாட்டேன், தள்ளிவிடவும் மாட்டேன்.

அத்தை கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னும் தூங்கலையா நீ?" என்கிறார். இன்னும் எழுத இருந்தது. இந்த வரி கோணலாகப் போயிருந்தால் என் கையெழுத்தைத் திட்டாதீர்கள், அத்தை வெளியிலிருந்தே விளக்கை அணைத்துவிட்டார்.